பந்தியில் இடமில்லாதவர்: மக்கள்தொகை அச்சப் புனைவுகளும் கரிசல் எழுத்தும்

மக்கள்தொகை அளவுக்கு மீறிப் பெருகி, உணவும் நீரும் இடமும் போதாமல் போய், பிறப்பையும் இறப்பையும் அரசே தன் கையில் எடுத்துக்கொள்ளும் எதிர்காலத்தைச் சொல்லும் கதைகள் டிஸ்டோபியா புனைவில் தனியொரு வகை. கெட்டுப்போன எதிர்கால உலகைக் காட்டும் எழுத்தையே டிஸ்டோபியா என்கிறோம். ஆங்கிலத்தில் 1950களிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை இந்த வகைக் கதைகள் ஏராளமாக வந்தன. தமிழில் இந்த அச்சத்தின் சாயல் படிந்த நாவல்களில் அதிகம் பேர் படித்தது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'.

இக்கதைகளை எண்ணிக்கை பற்றிய கதைகளாகப் படிப்பதே வழக்கம். எண்ணிக்கை விஷயத்தில் அவற்றின் கணிப்புகள் பெரும்பாலும் பலிக்கவில்லை. அதனால் அவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரு சமூகம் தன் மனிதர்களில் சிலரை 'அதிகப்படி' என்று எழுதத் தொடங்கும்போது பேனா யார் கையில் இருக்கிறது, எழுதப்படுபவர் யார் என்ற கேள்விதான் அவற்றில் இன்றும் உயிரோடு இருப்பது. இதே கேள்வியை எதிர்காலம், இயந்திரம் எதுவும் இல்லாமல் எழுதியவர்கள் நம்மிடம் உண்டு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று விரிந்து, குளத்தூருக்கு அப்பால் கடற்கரையைத் தொடும் கரிசல் மண்ணின் எழுத்தாளர்கள் அவர்கள். மழையை நம்பி ஒரு வெள்ளாமை, அதுவும் பொய்த்தால் கடன் என்று வாழும் சீமையில் 'கூடுதல் வாய்' என்பது அன்றாடக் கவலை. அதை அவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதை மேல்நாட்டு நாவல்களோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

மால்தஸின் பந்தி

மக்கள்தொகை அச்சத்தின் மூலநூல் தாமஸ் மால்தஸ் 1798இல் எழுதிய கட்டுரை. உணவு பெருகும் வேகத்தைவிட மக்கள் பெருகும் வேகம் எப்போதும் கூடுதல், பஞ்சமும் நோயும்தான் அந்த இடைவெளியைச் சரிசெய்யும் என்பது அதன் சாரம். 1803இல் வந்த விரிவான பதிப்பில் அவர் ஓர் உவமையைச் சேர்த்தார். உலகம் இயற்கை வைத்திருக்கும் ஒரு விருந்து. ஏற்கெனவே நிறைந்துவிட்ட உலகில் ஏழையாகப் பிறப்பவனுக்கு அங்கே இலை இல்லை. இரக்கப்பட்டு யாராவது நகர்ந்து இடம் கொடுத்தால் அடுத்தடுத்து ஆட்கள் வந்து பந்தியே கெட்டுப்போகும். கண்டனம் எழுந்ததால் பிந்தைய பதிப்புகளில் இந்தப் பகுதியை அவர் நீக்கிவிட்டார். ஆனாலும் உவமை நிலைத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் மக்கள்தொகை டிஸ்டோபியாக்கள் பலவும் இந்தப் பந்தியைப் பெரிதாக்கி வரைந்தவைதான்.

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. மால்தஸ் 1805 முதல் 1834இல் இறக்கும்வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். இந்தியாவை ஆளக் கப்பலேறிய இளம் அதிகாரிகள் அவரிடம் பொருளாதாரம் படித்தார்கள். 1876–78இன் தாது வருஷப் பஞ்சத்தில் அந்தப் பாடம் நடைமுறைக்கு வந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் கூலியைக் குறைத்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். தானியம் ஏற்றுமதியானது நிற்கவில்லை. மக்கள் பெருகும் வேகமே பட்டினிக்குக் காரணம் என்ற வாதத்தை வைசிராய் லிட்டனும் எடுத்தார். ஒரு மனிதனுக்கு இத்தனை தானியம் என்று அலுவலகத்தில் அளந்து, மிச்சத்தை இயற்கையிடம் விடும் அரசை நாவலாசிரியர்கள் கற்பனை செய்யத் தொடங்குவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே தென்மாவட்டங்கள் பார்த்துவிட்டன.

நகரத்து நெரிசல்

ஹாரி ஹாரிசன் 1966இல் எழுதிய 'மேக் ரூம்! மேக் ரூம்!' இந்த வகையின் முதன்மை நாவல். காலம் 1999, இடம் மூன்றரைக் கோடிப் பேர் நெரிபடும் நியூயார்க். தண்ணீருக்கு ரேஷன், உண்பதற்குச் சோயாவும் பருப்பும் சேர்த்த பலகைகள். 1973இல் 'சாய்லண்ட் கிரீன்' என்ற பெயரில் படமானபோது கதையை 2022க்குத் தள்ளினார்கள். மனித உடலையே உணவாக்குகிறார்கள் என்ற பிரபலமான திருப்பம் படத்தில் மட்டும் உண்டு, நாவலில் கிடையாது. நாவல் அதைவிடச் சாதுவானது, அதனாலேயே கூடுதலாக நம்பத் தக்கது. அதில் பெரிய சதி எதுவும் இல்லை. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகிறது, அவ்வளவுதான். உண்மையான நியூயார்க்கில் 2000ஆம் ஆண்டுக் கணக்குப்படி 80 லட்சம் பேரே இருந்தார்கள்.

இந்த நாவலில் ஓர் இடம் வாசகரை உறுத்த வேண்டும். கதைநாயகன் ஆண்டியோடு வசித்த கிழவர் சால் இறந்ததும், காலியான இடத்துக்கு பெலிச்சர் என்ற குடும்பத்தை அதிகாரிகள் ஒதுக்குகிறார்கள். நிறையப் பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பம் அது. அவர்களின் அழுக்கும் கூச்சலும் நாற்றமும் விவரமாக வருகின்றன. அவர்களுக்கென்று ஒரு மனசு இருக்கக்கூடும் என்பதற்கு ஆசிரியர் இடமே தரவில்லை. நெரிசல் என்பது நாயகனுக்கு நேரும் துன்பம், பெலிச்சர்கள் அந்தத் துன்பத்தின் காரணம். இந்த நாவலின் தீராத குறை இதுதான் என்பது என் கருத்து. சமூகத்தின் மீது கோபப்பட வேண்டிய கதை, பக்கத்து அறைக்காரன் மீது அருவருப்படைந்து முடிகிறது.

இதே பார்வை புனைவுக்கு வெளியிலும் இருந்தது. பால் எர்லிக் 1968இல் எழுதிய 'பாப்புலேஷன் பாம்' தொடங்குவதே டில்லியில் ஒரு வெப்பமான இரவில், டாக்சியின் கண்ணாடி வழியே தெரியும் ஜனத்திரளோடு. தெருவில் சாப்பிடுவோர், தூங்குவோர், பிச்சை கேட்போர் எல்லாம் ஆசிரியருக்கு 'மக்கள்தொகை'யாகத் தெரிகிறார்கள். அன்றைய டில்லியைவிடப் பாரிஸ் அதிக மக்கள் வாழ்ந்த நகரம். பாரிஸ் தெருவின் கூட்டத்தைப் பார்த்து யாரும் இப்படிப் பதறியதில்லை. 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்று அந்நூல் அறுதியிட்டுச் சொன்னது. அப்படி நடக்கவில்லை.

ஜான் புரன்னரின் 'ஸ்டாண்ட் ஆன் சான்சிபார்' (1968) 2010இல் உலகில் 700 கோடிப் பேர் இருப்பார்கள் என்று கணித்தது. ஐ.நா. அந்த எண்ணை அறிவித்தது 2011 அக்டோபரில். எண்ணைப் பொறுத்தவரை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன நாவல் வேறில்லை. எண் பலித்தும் அதன் உலகம் பலிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஜே. ஜி. பல்லார்டின் 'பில்லேனியம்' (1961) சிறுகதை இவற்றுள் ஆகச் சிறந்தது. நாவல்களைப் படிக்க நேரமில்லாத மாணவர்கள் இதை மட்டுமாவது தேடிப் படிக்கலாம். ஒருவருக்குச் சட்டப்படி நான்கு சதுர மீட்டர் இடம், அதுவும் மூன்றரையாகக் குறையப் போகிறது. இரண்டு நண்பர்கள் சுவருக்குப் பின்னால் மறந்துபோன ஒரு முழு அறையைக் கண்டுபிடிக்கிறார்கள். முதலில் அந்தப் பரப்பில் சும்மா நடப்பதே சுகமாக இருக்கிறது. பிறகு தோழிகளைக் கூப்பிடுகிறார்கள், தோழிகளின் உறவினர்கள் வருகிறார்கள், தடுப்புகள் எழுகின்றன. கடைசியில் பழைய பொந்தைவிட இது மோசம். மால்தஸின் பந்தி விதியைப் பல்லார்டு அப்படியே அறைக்குள் கொண்டுவந்திருக்கிறார். இரக்கம் இடத்தை அழிக்கிறது. ஆனால் ஹாரிசனைப் போல அவர் யாரையும் வெறுக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாருமே வேண்டியவர்கள்.

ராஜா வந்த வீடு

கோவில்பட்டிக்கு அருகில் இடைசெவலில் 1923இல் பிறந்தவர் கு. அழகிரிசாமி. அவருடைய 'ராஜா வந்திருக்கிறார்' கதையைப் பல்லார்டின் கதையோடு சேர்த்துப் படித்தால் இரண்டுமே புதிதாகத் தெரியும். தீபாவளிக்கு முந்திய இரவு. பிள்ளைகளுக்கே துணி அரைகுறையாக வாங்கிய ஏழை வீடு. ஆடையின்றி, உடம்பில் புண்ணோடு ஓர் அநாதைச் சிறுவன் வாசலில் வந்து நிற்கிறான். மால்தஸ் சொன்ன இலையில்லாத விருந்தாளி இவன்தான், அதுவும் விருந்து நாளிலேயே வந்திருக்கிறான். தாயம்மாள் அவனைக் குளிப்பாட்டிச் சோறு போடுகிறாள். கணவனுக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டு அவன் இடுப்புக்குப் போகிறது. பையனின் பெயர் ராஜா. பணக்கார வீட்டுப் பையன் தன் வீட்டுக்கு ராஜா வந்திருக்கும் பெருமையைப் பேசும்போது, இந்த வீட்டுப் பெண் தன் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகப் பதில் சொல்கிறாள்.

கதை தாயம்மாளைத் தெய்வமாக்கவில்லை. அவளுக்குத் தயக்கம் உண்டு, வீட்டில் இருப்பது எவ்வளவு என்ற கணக்கும் தெரியும். பல்லார்டின் பாத்திரங்கள் செய்யும் அதே செயலைத்தான் அவளும் செய்கிறாள்: ஏற்கெனவே நெருக்கமான இடத்துக்குள் இன்னொருவரைச் சேர்க்கிறாள். அங்கே அறை சுருங்குகிறது, இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு ராஜா கிடைக்கிறான். துண்டு ஒன்றுதான் என்ற உண்மையை அழகிரிசாமி மறைக்கவில்லை. கொடுத்ததால் வீட்டில் ஒரு துண்டு குறைந்திருக்கிறது. குறைவதும் சேர்வதும் ஒரே கதையில் நடக்கின்றன என்பதே இதன் பலம். இது நெகிழ்ச்சிக் கதை, இதை வைத்து மக்கள்தொகைக் கொள்கை எழுத முடியாது என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் ஹாரிசன் பெலிச்சர்களுக்குக் கொடுக்காத முகத்தை அழகிரிசாமி அந்தப் பையனுக்குக் கொடுத்திருக்கிறார். கொள்கை எழுதுவோருக்கும் அந்த முகம் தெரிந்திருக்க வேண்டும்.

அதே இடைசெவலில் அதே 1923இல் பிறந்த கி. ராஜநாராயணனின் 'கதவு' மறுபக்கத்தைக் காட்டுகிறது. பிள்ளைகள் ஏறி நின்று ஆட்டி விளையாடும் ஒரு பழைய கதவு. தீர்வை கட்டாததற்காக அதைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்பா பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கிறார், தகவல் இல்லை. கதவில்லாத வீட்டில் குளிர் புகுந்து கைக்குழந்தை இறந்துபோகிறது. இதைக் கணக்கெடுப்பவர் 'ஏழைக் குடும்பம், பிள்ளைகள் அதிகம், ஒரு குழந்தை சாவு' என்று எழுதிக்கொள்ளக்கூடும். கதையைப் படித்தவருக்குக் குழந்தை எப்படிச் செத்தது என்பது தெரியும். சாவுக்குக் காரணம் வீட்டில் இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை அல்ல, கழற்றிப் போன கதவு. கி.ரா. இதை எங்கும் வாதமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளின் விளையாட்டைச் சொல்லிக்கொண்டே போகிறார்.

அனுமதி வாங்கிப் பிறக்கும் பிள்ளை

சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் எதிர்கால இந்தியாவில் நடக்கிறது. பெயர்கள் இரண்டெழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஆயுளையும் அரசு தீர்மானிக்கிறது. பிள்ளை பெற்றுக்கொள்ள அனுமதி வாங்க வேண்டும். நிலாவுக்கு அந்த அனுமதி கிடைக்கிறது. கணவன் சிபி காணாமல் போகிறான். வீட்டுக்கு வந்து சேரும் ரவியின் இயந்திர நாய் ஜீனோ மெல்ல மெல்லக் கதையையே தன்வசமாக்கிக்கொள்கிறது.

வாசகர்கள் ஜீனோவை நினைவில் வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் நாவலின் கூர்மையான இடம் தொடக்கத்தில் இருக்கிறது. அனுமதி நிலாவுக்கு அடக்குமுறையாகத் தெரிவதில்லை, நல்ல செய்தியாக வருகிறது. ரேஷன் கார்டு கிடைத்ததைப் போல, வேலைக்கு உத்தரவு வந்ததைப் போல ஒரு சந்தோஷம். தன் உடம்பு தொடர்பான முடிவு அரசிடமிருந்து பரிசாகத் திரும்பி வரும்போது அதற்கு நன்றி சொல்லும் மனநிலை இது. மேல்நாட்டு நாவல்களில் நெரிசலின் வர்ணனை பக்கம் பக்கமாக வரும். சுஜாதாவுக்கு நெரிசலில் அக்கறை இல்லை, மனுவும் பதிவேடும்தான் அவர் கண்ணில் படுகின்றன. கியூவில் நின்று படிவம் நிரப்பிப் பழகிய நாட்டில் பயம் எங்கே குடியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஜீவா என்பவனே ஆளில்லை, வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரியவரும் திருப்பமும் இதோடு பொருந்துகிறது. கையெழுத்துப் போட்டவர் யார் என்று தேடிப் போனால் அங்கே யாரும் இல்லை.

பெயர்ச் சுருக்கத்தை ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932) நாவலோடு ஒப்பிடலாம். அங்கே இருநூறு கோடி மக்களுக்கு மொத்தம் பத்தாயிரம் குடும்பப் பெயர்கள்தான். பெண்கள் கருத்தடைச் சாதனங்களை இடுப்புவாரில் மாட்டிக்கொண்டு திரிவார்கள். அந்த வாருக்கு மால்தஸின் பெயர். ஹக்ஸ்லி 1958இல் தன் நாவலைத் திரும்பிப் பார்த்து எழுதிய நூலின் முதல் அத்தியாயமே மக்கள்தொகைப் பெருக்கம் பற்றியதுதான். எண்ணிக்கை கூடக் கூடச் சர்வாதிகாரம் எளிதாகும் என்பது அவர் வாதம். சுஜாதாவின் நாவல் இந்த வாதத்தை எடுத்துக்கொள்ளாமலே அதன் விளைவை மட்டும் காட்டுகிறது. ஒரு குறையும் சொல்ல வேண்டும். யாருக்கு அனுமதி மறுக்கப்படுகிறது என்பதை அது தொடுவதில்லை. சாதியும் கிராமமும் அந்த எதிர்காலத்தில் சுலபமாகக் காணாமல் போய்விட்டன. நிலாவுக்குக் கிடைத்த கடிதம் ஒரு கரிசல்காட்டுக் கூலிக்காரிக்கும் கிடைத்திருக்குமா என்று கேட்டால் நாவலிடம் பதில் இல்லை.

1976

அந்தப் பதில் நாவல் வருவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே நடைமுறையில் கிடைத்திருந்தது. நெருக்கடி நிலையின்போது 1976–77 நிதியாண்டில் மட்டும் நாடெங்கும் 80 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. ஆசிரியர்கள் உட்பட அரசு ஊழியர்களுக்கு ஆள் பிடிக்கும் இலக்கு வைக்கப்பட்டது. வடமாநிலங்களில் கட்டாயம் வெளிப்படையாக இருந்தது. சிக்கியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், தலித்துகள், முஸ்லிம்கள். சல்மான் ருஷ்டியின் 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' (1981) இதை மாயக்கதையாக எழுதியது. ரோகின்டன் மிஸ்திரியின் 'எ ஃபைன் பேலன்ஸ்' (1995) நேரடியாக எழுதியது. தையல் வேலை பார்க்கும் ஈஸ்வரும் ஓமும் சந்தைத் தெருவில் பிடிபட்டு அறுவைக் கூடாரத்துக்குக் கொண்டுபோகப்படும் பகுதி எந்த எதிர்கால நாவலையும்விடக் கொடுமையானது. அதில் எதிர்காலச் சாமான் எதுவும் இல்லை. ஒரு கூடாரம், கொதிக்காத தண்ணீர், பூர்த்தியாக வேண்டிய எண்ணிக்கை, அவ்வளவே. சீனத்தின் ஒரு குழந்தைக் கொள்கையைப் பற்றி மோ யான் எழுதிய 'தவளை' (2009) இன்னொரு கோணம் தருகிறது. ஊரெல்லாம் பிரசவம் பார்த்த அத்தையே பிறகு ஊரெல்லாம் கருக்கலைக்க அலைகிறாள். கொள்கையைச் செயல்படுத்துபவரும் ஊர்க்காரரே, உறவினரே என்பதை இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய நாவல் இந்த வகையில் குறைவு.

தமிழ்நாட்டுக்கு இதில் தனியொரு வரலாறு உண்டு. மூன்று பிள்ளைக்கு மேற்பட்ட பிறப்புகளை முன்யோசனையற்ற தாய்மை என்ற பொருளில் ஒரு சொல்லால் குறித்தவர் 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஆர். ஏ. கோபாலசாமி. பின்னர் அவர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராக இருந்தபோது அறுவை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கும் முறை இங்கே தொடங்கியது. சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' வாசகமும் ஊர்ச் சுவர்களில் ஏறின. 'கு.க. ஆபரேஷன்' அன்றாடப் பேச்சில் சேர்ந்தது.

இதற்கெல்லாம் முன்பே, 1930களிலேயே, பெரியார் கருத்தடைக்காக எழுதினார். நாட்டின் வறுமை, குடும்பச் செலவு, தாயின் உடல்நலம் என்று மற்றவர்கள் சொன்ன காரணங்களை அவர் இரண்டாவது இடத்தில் வைத்தார். பிள்ளைப்பேறு பெண்ணின் விடுதலைக்குத் தடையாக இருக்கிறது, ஆகவே அது அவள் கையில் இருக்க வேண்டும் என்பதே அவர் வாதம். டிஸ்டோபியா நாவல்களைப் படிக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. கருத்தடை ஒன்றுதான், அதை வைத்திருக்கும் கை மாறினால் ஒரே மாத்திரை விடுதலையாகவும் ஹக்ஸ்லியின் இடுப்புவாராகவும் ஆகும்.

நடந்தது இரண்டும் கலந்தது. 1977க்குப் பிறகு ஆண்களுக்கு அறுவை என்ற பேச்சை எடுக்கவே அரசுகள் அஞ்சின. பாரம் பெண்கள் பக்கம் சாய்ந்தது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவை ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே 2014 நவம்பரில் ஒரே முகாமில் அறுவை செய்யப்பட்ட பெண்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகே 2016இல் இத்தகைய முகாம்களை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

வாயும் கையும்

கரிசல் சீமைக்குத் திரும்பினால், மால்தஸ் கணக்கில் விட்டுப்போன ஒன்று இங்கே தெரியும். பிறக்கும் பிள்ளைக்கு வாய் மட்டுமா இருக்கிறது, இரண்டு கையும் இருக்கிறதே. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டித் தொழில் அந்தக் கைகளை நம்பி வளர்ந்தது. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பிள்ளைகளை விடியுமுன்னே வண்டியில் ஏற்றிச் சென்ற காலம் உண்டு. மானாவாரி வெள்ளாமை ஏமாற்றிய வருஷங்களில் அந்தக் கூலியில் அடுப்பெரிந்த வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டிடம் 'பிள்ளையைக் குறை' என்று சுவரில் எழுதி வைப்பது வருமானத்தைக் குறைத்துக்கொள் என்று சொல்வதற்குச் சமம். இந்த மண்ணின் எழுத்தாளரான பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' படம் இந்தப் பிள்ளைகளைப் பற்றியது. மக்கள்தொகை டிஸ்டோபியாக்களில் நான் தேடியும் காணாத பாத்திரம் இந்தப் பிள்ளைதான். தின்பதற்கு முன்பே சம்பாதிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளை.

இந்தக் கணக்கை மாற்றியவற்றில் ஒன்று எட்டயபுரத்தில் தொடங்கியது. பாரதி பிறந்த அந்த ஊரில்தான் 1956இல் காமராஜர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1996இல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று பிள்ளைகள் பட்டறையிலிருந்து வகுப்பறைக்கு மெல்ல நகர்ந்தார்கள். பெண்பிள்ளைகள் படித்தார்கள், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது, பிள்ளைகளின் எண்ணிக்கை தானாகக் குறைந்தது. 2019–21 கணக்கில் தமிழ்நாட்டின் சராசரி பெண்ணுக்கு 1.8 குழந்தைகள், மக்கள்தொகை சரியாமல் நிற்க வேண்டுமானால் 2.1 வேண்டும். பந்தியில் இலையைக் கூட்டினால் ஆட்கள் பெருகிக்கொண்டே போவார்கள் என்றார் மால்தஸ். இங்கே இலை போட்ட பிறகுதான் ஆட்கள் குறைந்தார்கள்.

இதைச் சுத்தமான வெற்றிக் கதையாகவும் எழுத முடியாது. சிறுகுடும்பமும் ஆண்பிள்ளை ஆசையும் சேர்ந்தபோது விலை கொடுத்தது பெண்சிசு. உசிலம்பட்டி வட்டாரத்துச் சிசுக்கொலைச் செய்திகளும், 1992இல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டமும், பாரதிராஜாவின் 'கருத்தம்மா'வும் (1994) அந்தக் காலத்தின் சாட்சிகள். யார் அதிகப்படி என்ற கேள்விக்கு அரசு சொல்லாத பதிலை வீடே சொன்ன இடம் இது.

ஆளில்லாத ஊர்

பி. டி. ஜேம்ஸின் 'தி சில்ட்ரன் ஆஃப் மென்' (1992) 2021ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடக்கிறது. கால் நூற்றாண்டாகக் குழந்தையே பிறக்காத உலகம் அது. பள்ளிகள் மூடிக் கிடக்கின்றன, முதியவர்கள் பாரமாகிறார்கள். நெரிசல் நாவல்களைவிட இந்த வெறுமை நாவலே இன்றைய தமிழ்நாட்டு வாசகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கரிசலில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எட்டயபுரம் பக்கத்து உருளைகுடியைக் களமாகக் கொண்ட சோ. தர்மனின் 'சூல்' நாவலுக்கு 2019இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரு கண்மாயைக் காத்துவந்த ஊர் முறை எப்படிக் குலைந்தது என்பதே அதன் கதை. சூல் என்றால் கர்ப்பம். இங்கே சூல்கொள்வது கண்மாய், அது வற்றினால் ஊர் வற்றும். தூத்துக்குடி மாவட்டத்தில் செக்காரக்குடி அருகே மீனாட்சிபுரம் என்ற ஊர் தண்ணீரின்றிக் குடும்பம் குடும்பமாகக் காலியாகி, கடைசியில் ஒரே ஒரு முதியவர் மட்டும் வசித்தார். 2024இல் அவரும் இறந்தார். மக்கள் பெருகியதால் வளம் தீரும் என்பது ஹாரிசனின் கதை, வளம் தீர்ந்ததால் மக்கள் போய்விடுவது கரிசலின் கதை.

இப்போது எண்ணிக்கை வேறு கணக்கில் வந்து நிற்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், அதே 1976இல், 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்பின் அளவில் நிறுத்தி வைத்தது. பிள்ளைகளைக் குறைத்த மாநிலங்கள் அதனால் இடங்களை இழக்கக் கூடாது என்பது நோக்கம். பிறகு 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அந்தக் கெடு நெருங்கிய நேரத்தில், 2024 அக்டோபரில், தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னையில் ஒரு திருமண விழாவில் பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்ற நிலை வந்துவிட்டதாகப் பேசினார். ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் அதே மாதத்தில் பெரிய குடும்பங்கள் வேண்டும் என்றார்.

ஆந்திரத்தில் 1994 முதல் ஒரு சட்டம் இருந்தது. இரண்டு பிள்ளைக்கு மேல் உள்ளவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 நவம்பரில், அதே சட்டமன்றம் அதை நீக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் மூன்றாவது பிள்ளைக்காகப் பஞ்சாயத்துத் தேர்தலில் மனுப் போட முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்களைப் பற்றி ஒரு நாவல் எழுதலாம்.